உருண்டைகள் காணப்படவில்லை

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், மணிமங்கலத்தில் என் வீட்டு முன்னறையில் ஒரு நுண்ணோக்கி வைத்திருந்தேன். அதன்மேல் எனக்கிருந்த கர்வத்தால் ஒருவர் இறந்தார். மழுப்பாமல் எழுதிவிடுகிறேன்.

அவர் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். வீட்டில் ஒரே ஒரு பசு. அது எச்சில் ஒழுக்கிக்கொண்டு கதறவே, தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறதென்று கையை உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறார். பல் கீறிவிட்டது. பார்த்ததுமே வெறிநோயாக இருக்குமென்று சந்தேகப்பட்டு அவரை ஊசிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் பசு செத்தது.

மூளையை எடுத்தேன். அதைப் பனிக்கட்டியில் வைத்துச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். அங்கே மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் தடவியெடுத்து ஒளிரும் சாயம் சேர்த்த மருந்தை இடுவார்கள். கிருமி இருந்தால் பச்சையாக மின்னும். நானோ பாதியை ஃப்ரீசரில் போட்டுவிட்டு, மீதியில் நான் படித்த காலத்துச் சாயத்தை ஏற்றி, நரம்பணுக்களுக்குள் வெறிநோயின் அடையாளமான செந்நிற உருண்டைகளைத் தேடினேன். வெறி கண்ட மாட்டிலும் அவை தென்படாமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். நோட்டில் ‘உருண்டைகள் காணப்படவில்லை’ என்றுதான் எழுதினேன்.

அவர் போன் செய்தார்.

“இன்னா டாக்டரே, மாட்டுக்கு வெறி கீதா, இல்லியா?”

“இல்லப்பா.”

“அப்போ மீதி ஊசி? லீவு கேட்டா, மாடு செத்ததுக்கு உனக்கு இன்னாத்துக்குய்யா லீவுன்றாரு சூப்பர்வைசர்.”

சிரித்தேன். “அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டார். ஆறு வாரம் கழித்து, தண்ணீர் டம்ளரைக் கண்டு மிரண்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றுதான் ஃப்ரீசரில் இருந்ததை அனுப்பினேன். பச்சையாக மின்னியதென்று மறுநாள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை. தன் கைகளைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நாந்தான் மாட்டோட வாயத் தொடச்சி வுட்டேன். எனக்குக் கீதா இல்லியான்னு எதப் பாத்து சார் சொல்லுவீங்க?”

வேறு யார் தொட்டார்கள் என்று அன்று நான் கேட்கவே இல்லை.

“எதையும் பாத்துச் சொல்ல முடியாதும்மா. காத்திருக்கக் கூடாது. வா, இப்பவே ஊசி போட்டுக்கலாம்.”

“நீங்க வரவேணாம்” என்றாள். எதிரே வந்த நர்ஸிடம் ஊசி போடும் இடத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக நடந்தாள்.