கடைசிப் பக்கத்துக் கழுதை

அடுத்தவர் வீட்டுப் பேத்திக்கு இங்கிலீஷ் வந்ததா இல்லையா என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதா? என் பேத்தி ஜெயந்தியின் லீவு சமாச்சாரத்தைப் போன வாரம் இங்கே லேசாகத்தான் சொல்லிவைத்தேன். அதற்குள் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது ஒருவர் நிறுத்திக் கேட்கிறார். இவ்வளவு ஆர்வம் ஆகாது... சரி, சொல்கிறேன். எனக்கும் வாய் நமநமக்கிறது.

ஜெயந்தி பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மறுக்கவில்லை. ஒல்லியாக ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகத்தைக் கொடுத்தார். லீவு முடிந்து வந்து கதையை இங்கிலீஷில் சொன்னால் சீட். இல்லாவிட்டால் பழைய மீடியமே.

எங்கள் தெருவுக்குப் பொழுது போவது குழாயடியில்தான். சித்திரை வெயிலில் தண்ணீர் நூலாக விழும் — ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு கல்யாணமே பேசி முடிக்கலாம். அங்கே ஜெயந்தியை, படிக்கப் படிக்க அந்தக் கதையைத் தமிழில் சொல்ல வைத்தேன். கடலோரம் ஒரு கலங்கரை விளக்கம், விளக்கு ஏற்றுகிறவர், அவர் மகள். ஆரம்பம் அருமை. பக்கத்து வீட்டு மும்தாஜ் குடம் வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

நாலைந்து நாளில் கதைக்குள் ஒரு சித்தி வந்தாள். பாலில் விஷம் கலந்தாள். திருவிழாவில் தொலைந்த அக்கா வந்தாள். முந்தின நாள் டிவியில் பார்த்ததாயிற்றே இது? வெள்ளைக்காரச் சித்தி கொத்துச்சாவியை இடுப்பில் செருகுவாளா?

வீட்டில் புத்தகத்தைப் புரட்டினேன். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் ஐந்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை. நான் படித்தது ரெண்டாம் கிளாஸ். அதனால் படம் மட்டும் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் கொட்டுகிற மழையில் ஒரு கழுதை.

அவள் அம்மாவிடம் சொன்னால் அடி விழும். அடி வாங்கினால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

மறுபடி குழாயடியில், ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டேன். "ஏத்தா ஜெயந்தி, கடைசியில மழைக்குள்ள ஒரு கழுதை நிக்குதே... அது யாரு கழுதை?"

பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. அது பின்னால் வரும் என்று முணுமுணுத்தாள்.

மும்தாஜ் விடுவாளா? "இருக்கட்டும் புள்ள. மழையில அது ஏன் தனியா நிக்குது? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

அவ்வளவுதான். தெருவே கழுதையைப் பிடித்துக்கொண்டது. பால் வாங்கப் போனால் கழுதை, மாவு அரைக்கப் போனால் கழுதை. பாவம், ஜெயந்தி ஒளிந்து ஒளிந்து நடந்தாள். வேறு வழி? டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். முதலில் எங்கள் தொல்லைக்காக. அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை — இன்னும் ரெண்டு பக்கம் என்றாள்.

ஒரு சாயங்காலம் மூச்சிரைக்கக் குழாயடிக்கு ஓடி வந்தாள். புயல் நேரத்தில் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். கப்பல் பாறையில் மோதப் போகிறது. அப்போது எண்ணெய் டின்னைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நிற்கிறது கழுதை.

"அந்த வீட்டோட பேச்சுவார்த்தையே இல்லாத சண்டைக்காரன் கழுதை அப்பத்தா. அவன்தான் அனுப்பியிருக்கான்."

குடச் சண்டையில் முகம் பார்க்காமல் இருந்த ரெண்டு பேர் தங்கள் குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கூல் திறந்ததும் நானும் கூடப் போனேன். ஜெயந்தி நன்றாகத்தான் தொடங்கினாள். கப்பல் வருகிற இடத்தில் வார்த்தை சிக்கிக்கொண்டது. திணறினாள்... கண் கலங்கியது. ஹெட்மிஸ்ட்ரஸ் இரக்கப்பட்டு, பரவாயில்லை, மிச்சத்தைத் தமிழில் சொல் என்றார். தமிழில் சொன்னால் சீட் போச்சே.

"வேணாம் மிஸ். கொஞ்சம் டைம் குடுங்க. இங்கிலீஷ்லயே முடிச்சிர்றேன்."

முடித்தாள். எனக்கு எப்படிப் புரிந்தது? மழைக்குக் கையை ஆட்டினாள். கழுதை வந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியில் முன்னால் சாய்ந்துவிட்டார். அன்றைக்கே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துக்கொண்டார்.

தெரு முனையில் மும்தாஜும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். சீட் என்னாயிற்று என்று சூழ்ந்துகொண்டார்கள்.

"கெடச்சிருச்சு. இனிமே அவ நம்மள இங்கிலீஷ்லதான் வைவா. யாரும் முழிக்காதீங்க, பாராட்டுறான்னு நெனச்சுச் சிரிச்சு வைங்க" என்றேன்.