பஸ்ஸில் சிதறிய ஆகாய கங்கை

2003-ஆம் ஆண்டு தை மாதம், சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸில் நடந்தது இது. பிளாஸ்டிக் பில்டிங் பிளாக் வைத்து மாடல் கட்டும் பைத்தியம் பிடித்த நான்கு பெண்கள் நாங்கள். பிள்ளைகள் விளையாடி ஒதுக்கிய கற்களை ஒன்றாகச் சேர்த்து, ஞாயிறுதோறும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கட்டுவோம். மலைமேல் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு ஆகாய கங்கை அருவியைக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் என் பங்கு. நீலம் ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை என்று கல்லுக்கு மேல் கல்லாக நேரே ஏற்றிக்கொண்டு போனேன். எங்களில் ஒருத்தி கட்டட வேலைக்குப் போகிறவள்; என் வயதுதான். "ஜாயின்ட்டு மேல ஜாயின்ட்டு வருதுங்க. மாத்தி வெச்சாத்தானுங்க நிக்கும்" என்றாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இது வெளையாட்டுங்க. உங்க சித்தாள் வேலைய இங்க கொண்டாராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

மலைப்பாதையின் நாலாவது வளைவில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். என் மடியிலிருந்த அருவி பட்டை பட்டையாகப் பிரிந்து பஸ் முழுக்கச் சிதறியது. சந்தைக்குப் போய்த் திரும்பிய சனங்கள் மூட்டைகளை நகர்த்தி, சீட்டுக்கடியில் துழாவிப் பொறுக்கிக் கொடுத்தார்கள். மூன்று மணிக்குக் கண்காட்சி. பள்ளியில் இறங்கும்போதே இரண்டாகிவிட்டது.

பள்ளி வராந்தாவில், என்னோடு பேசாமலே வந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நாந்தானுங்க தப்பு. அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"வலிச்சுதுங்க" என்றாள். மழுப்பவில்லை. பிறகு கற்களை நிறம் பிரித்து அடுக்கத் தொடங்கினாள். "தண்ணி நேராவே விழட்டுங்க, அதான் அழகு. பின்னால ஒரு சொவரு கட்டி, அங்கங்க நீளக் கல்லு போட்டு ரெண்டையும் கோத்துரலாம்."

அவள் கட்டினாள், நாங்கள் மூவரும் கல் எடுத்துக் கொடுத்தோம். அன்று நான்தான் சித்தாள். மூன்று மணிக்கு வந்த பிள்ளைகள் மேஜையைப் பிடித்து ஆட்டியும் அருவி அசையவில்லை.

யார் கட்டியது என்று ஆசிரியை கேட்டார். நான் அவளைக் கைகாட்டினேன். அவளோ, "நாங்க நாலு பேருங்க" என்றாள். நான் அப்படிப் பேசிய பிறகும் அந்த நாலு பேரில் என்னையும் சேர்த்துக்கொண்டாள்.