நாற்றுகள் கருகிய வருடம்

மலைக் கிராமமான பூண்டிக்கு மேலே உள்ள புல்வெளி மேட்டில், ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக, சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு மரங்களை மூன்று வருடம் எண்ணியவள் நான். ஒவ்வொன்றிலும் எண் போட்ட தகரத்துண்டைக் கட்டி, நாற்றா, இளங்கன்றா, பூக்கும் மரமா என்று நோட்டில் எழுதுவேன். மழையில் நனைந்ததும் காட்டெருமைக்குப் பயந்து பாறைமேல் ஏறி நின்றதும் நான்தான்.

நான்காம் வருடம், கணக்குப் போட ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். மலையேறினால் மூச்சு வாங்கும். ஆனால் எங்கள் அட்டுவம்பட்டி ஆபீசில் உட்கார்ந்து, இரண்டே வாரத்தில் என் நோட்டுகளை ஒரு மேட்ரிக்ஸாக மாற்றிவிட்டாள். வருடத்துக்கு எத்தனை நாற்று பிழைக்கிறது, எத்தனை கன்று மரமாகிறது, ஒரு மரம் எத்தனை நாற்று தருகிறது, எல்லாம் ஒன்பது கட்டத்துக்குள். இந்த வருட எண்ணிக்கையை அதோடு பெருக்கினால் அடுத்த வருட எண்ணிக்கை. பெருக்கிக்கொண்டே போனால் நாங்கள் யாரும் இல்லாத காலத்து மேடுகூடத் தெரியும்.

"அங்க மரமே இருக்காது," என்றாள் அவள். திட்டத் தலைவர் "பிரமாதம்" என்றார். அந்தச் சொல்லை என்னிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது எனக்கு மட்டும் தெரியும். இரண்டாம் வருடக் கோடையில் அந்த மேட்டில் தீப்பிடித்து நாற்றுகள் கருகிவிட்டன. நோட்டில் 'செத்தது' என்று எழுதியிருந்தேனே தவிர, ஏன் என்று எழுதவில்லை. எல்லா வருடமும் அப்படித்தான் சாகும் என்று அவள் கணக்கில் சேர்த்துவிட்டாள். சொல்லியிருக்கலாம். அவள் தடுக்கி விழுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பூண்டி பள்ளிக்கூடத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டி அவள் விளக்கினாள். முடித்ததும், பூண்டு விவசாயம் செய்யும் ஒருவர் எழுந்தார்.

"ஏம்மா, நடுவுல ஒரு கோடையில தீப் புடிச்சுச்சே, அதையுமா சேத்தீங்க? வருசா வருசம் தீ வராதுங்களே."

"தீயா?" என்றாள் அவள். அவர் என்னைக் கைகாட்டினார். "இந்தா, இவுகதான் எங்ககூட நின்னு தழைய ஒடிச்சு அணைச்சாக. இவுகளக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா" என்று தலையாட்டினேன்.

திரும்பும்போது ஜீப்பில் கேட்டாள். "ஏங்க்கா சொல்லல?"

"பொறாமை," என்றேன். பொய் எதுவும் வாயில் வரவில்லை.

ஜீப் கவுஞ்சி ஊரைத் தாண்டியது. பிறகு, "தீ வந்த வருசத்துக்குத் தனி மேட்ரிக்ஸ் போடணும். எந்தெந்தச் செடி கருகுச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து எண் எண்ணாகச் சொன்னேன். தீ அடிக்கடி வராவிட்டால் மரங்கள் தாங்கிவிடும் என்று புதுக் கணக்கு சொன்னது. அதை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தன் பெயருக்குப் பிறகு என் பெயரையும் போட்டாள். முதலில் போட்ட கணக்கைவிட அது நன்றாக வந்திருந்தது. படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் கூடியது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேட்ரிக்ஸ் போட எனக்கும் சொல்லித் தருகிறாயா என்று அவளிடம் கேட்க, இன்னொரு மழைக்காலம் ஆயிற்று.