செங்கிஸ்கானின் தொப்பி

நான் நான்காம் வகுப்புக்குப் போன வருடம், சத்வாவில் இருந்த எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டியவர் சித்தப்பா. சரித்திரத்தில் எம்.ஏ. முடித்தவர். மதுரையில் அந்தப் படிப்புக்குக் கிடைக்காத வேலை துபாயில் கிடைக்கும் என்று எப்படியோ நம்பி, விசிட் விசாவில் வந்திருந்தார். காலையில் இன்டர்வியூவுக்குப் போவார். மதியம் திரும்பி வந்து, பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பள்ளிவிட்டு வந்த எனக்கு மங்கோலியர்களைப் பற்றிச் சொல்வார்.

வெளியே மணல்காற்று அடித்து வானம் மஞ்சளாகிக் கிடக்கும். ஜன்னல் ஏசி தடதடவென்று ஆடும். கண்ணை மூடினால் அது லட்சம் குதிரைகளின் குளம்புச் சத்தம். புல்வெளி எங்கே முடிகிறது, எங்கள் ஹால் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமலே பல மதியங்கள் தூங்கிப்போயிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சித்தப்பாவுக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார்கள். கிடைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அந்த ஏப்ரலில் பள்ளியில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். வருடா வருடம் ஆறு தேசத் தலைவர்கள், நான்கு ராணிகள், ஒரு தக்காளி என்று போய்க்கொண்டிருந்த போட்டி அது. “இந்தத் தடவை செங்கிஸ்கான் இறங்குறான்டி” என்றார் சித்தப்பா. மூன்று நிமிடப் பேச்சை அவரே ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். ஒரே ஒரு சிக்கல். பாக்தாத்தைப் பிடித்தது செங்கிஸ்கான் இல்லை, அவர் செத்து முப்பது வருடம் கழித்து வந்த பேரன். ஆனால் பாக்தாத் இல்லாமல் பேச்சில் விறுவிறுப்பு வரவில்லை.

“மூணு நிமிஷத்துல பேரனையெல்லாம் எங்க கூட்டியாரது? தூக்கித் தாத்தா தலையிலயே போட்ருவோம்” என்றார். சரித்திரத்தில் பாதி அப்படி எழுதப்பட்டதுதான் என்று சமாதானமும் சொன்னார். ஆகவே நூலகங்களைக் கொள்ளையடித்து, புத்தகங்களை ஆற்றில் கொட்டி, அதன்மேல் குதிரைகளை நடத்திப்போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

எங்களுக்குக் கீழ்மாடியில் இராக் நாட்டு அம்மாள் ஒருவர் தனியாக இருந்தார். அவரை நான் காலா என்று கூப்பிடுவேன். அரபியில் அம்மாவின் சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார், நடுநடுவே ஹபீப்தி என்பார், செல்லமே என்று. அம்மாவுக்கு அரபி தெரியாது, காலாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட பீங்கான் தட்டுதான் போய்வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வடை கீழே போகும், பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பிஸ்கட் மேலே வரும். தட்டு காலியாக மட்டும் திரும்பக் கூடாது. ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு கை சீனியாவது வைக்க வேண்டும் என்பது அம்மா பிறந்த வீட்டு வழக்கம். பாக்தாத்திலும் அப்படித்தானாம். அந்தக் கட்டடத்தில் அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகம் அது.

காலாவின் தம்பி பாக்தாத்தில் ஒரு பெரிய நூலகத்தில் வேலை பார்த்தார். கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடும் வேலை. அந்த மார்ச்சில் அமெரிக்கா யுத்தம் தொடங்கியதிலிருந்து அவருக்கு போன் போகவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடியேதான் காலா கதவைத் திறப்பார். “மாஃபி” என்பார், இல்லை என்று. “கெடைக்கும், கெடைக்கும்” என்று அம்மா தமிழிலேயே தைரியம் சொல்வாள்.

அந்தத் தம்பி முன்பு வந்தபோது விட்டுப்போன கறுப்பு ரோமத் தொப்பி ஒன்று காலா வீட்டு அலமாரியில் இருந்தது. மங்கோலியனுக்கு அதைவிடப் பொருத்தமான தொப்பி துபாய் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. போய்க் கேட்டேன். “அவனுடையது, பத்திரம்” என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். என்ன வேஷம் என்று கேட்டதற்கு ராஜா என்றேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

சித்திரை முதல் நாள் அம்மா வடையும் பாயசமும் செய்து தட்டைக் கையில் கொடுத்தாள். காலாவை அசத்திவிட வேண்டும் என்று முழு வேஷத்தோடு இறங்கினேன். கண்மையில் வரைந்த மீசை, அம்மாவின் சால்வை, அட்டைக் கத்தி, தலையில் தொப்பி. கதவைத் திறந்த காலா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காதை மூடிய தொப்பியை நேராக்கிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து, ம், பேசு என்று கையைக் காட்டினார்.

பேசினேன். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பெரிய கட்டடம் எரிந்தது. புகைக்குள்ளிருந்து காகிதங்கள் மெதுவாகப் பறந்து வந்தன. காலா என்னைப் பார்க்காமல் அதையே பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. நகர்ந்து டிவியை மறைத்து நின்றுகொண்டு, கத்தியை உயர்த்தி, “நான் பாக்தாத்தின் புத்தகங்களை ஆற்றில் கொட்டினேன். தண்ணீர் மையால் கறுத்து ஓடியது” என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

காலா, பாடத்தில் ஒரு பிழையைத் திருத்துகிறவர் போலச் சொன்னார்: “முதல் நாள்தான் கறுப்பு, ஹபீப்தி. அப்புறம் சிவப்பு.”

எவ்வளவு நல்ல வரி! சித்தப்பா இதை எப்படி விட்டார்? மாடிப்படி ஏறும்போதே மனப்பாடம் செய்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மேடையில் அதையும் சேர்த்துச் சொன்னேன். அரங்கமே கைதட்டியது, முதல் பரிசு எனக்கு. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அன்றைக்கு இனித்தது.

கோப்பையோடு வீட்டுக்கு வந்தபோது, அம்மா பீங்கான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தானாம். கழுவித் துடைத்த தட்டு. அதில் ஒன்றுமே இல்லை.

“அங்க போயி என்னடி பேசுன?” என்றாள். பேசிக் காட்டினேன். அம்மா என்னை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள். “ஒங்களுக்கு வேற ராஜாவே கெடைக்கலையா? அந்த அம்மா எந்த ஊருன்னு தெரியாதா?” நாடுகளைப் பிடிப்பதில் அத்தனை கெட்டிக்காரரான சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு பாயைச் சுருட்டினார். அம்மா தொப்பியை என் கையில் திணித்து, “குடுத்துட்டு ஸாரி சொல்லிட்டு வா. இனிமே அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?” என்றாள். அம்மாவின் ஒரே சிநேகத்தை நான் உடைத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் நிறையச் செருப்புகள். உள்ளே கறுப்பு உடுத்திய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டேப் ரெக்கார்டரில் யாரோ மெல்லிய குரலில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். மேஜைமேல் போன் இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக ரிசீவர் அதன் இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. நான் ஸாரி சொல்லித் தொப்பியை நீட்டினேன். காலா வாங்கி, இரண்டு கைகளாலும் அதைத் தடவிக்கொடுத்தார். ஒருதரம் முகர்ந்து பார்த்தார். பிறகு திரும்பவும் என் தலையிலேயே வைத்தார்.

“நீயே வைத்துக்கொள். அவன் கேட்க மாட்டான்.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன். “அம்மா, காலாவுக்குக் கோவமே இல்ல! தொப்பி எனக்கேவாம்! அந்த மாமா இனிமே கேக்க மாட்டாராம்! அவங்க வீட்டுல ஒரே கூட்டம், டேப்புல குர்ஆன் ஓடுது!”

அம்மா அப்படியே நின்றாள். ஐயோ என்று மட்டும் சொன்னாள். சித்தப்பா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அம்மா, அப்பாவுக்காக வடித்து வைத்திருந்த சோறு முழுவதையும் பெரிய பாத்திரத்தில் கொட்டினாள். குழம்பைத் தூக்கில் ஊற்றினாள். அந்தப் பூப்போட்ட தட்டால் பாத்திரத்தை மூடிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கினாள்.

தொப்பிக்குப் பதிலாகத்தான் அம்மா சோறு கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல தொப்பியானாலும், ஒரு தொப்பிக்கு அவ்வளவு சோறு அதிகம் என்றும் எனக்குத் தோன்றியது.