தங்க சிடிக்கு வைத்த பொட்டு

சிடி ஓடவில்லை என்று கடைக்கு ஒரு அக்கா வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மதுரையில் வீடியோ கேசட்டுகளை சிடிக்கு மாற்றும் வேலை சூடுபிடித்திருந்த காலம். நான் ஒரு கடையில் அந்த வேலை பார்த்தேன். எங்கள் முதலாளி தங்க நிற சிடியைத் தனி விலைக்கு விற்பார். நூறு வருடம் கெடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். நூறு வருடம் கழித்து எவன் வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்ற தைரியம் அவருக்கு. நாங்களும் நம்பித்தான் விற்றோம்.

அந்த அக்காவின் கணவர் பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏலம் விட்டவர். அவர் இறந்த சில மாதத்தில், மகளின் கல்யாண கேசட்டை அக்கா மாற்றக் கொண்டுவந்தார். கேசட்டில் பூஞ்சை. படம் முழுக்க சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார்கள். பந்தியில் மட்டும் பாட்டு இல்லை. அங்கே அவர் மைக் இல்லாமலே, ஏலம் விட்ட தொண்டையில் கூப்பிடுகிறார்:

"சாப்பிடாம ஒரு ஆளும் போகக் கூடாது, ஆமா."

அக்கா அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கணவரின் குரல் வேறு எதிலும் இல்லை. தங்க சிடியில் எழுதிக் கொடுத்தோம். இனி கேசட் எதற்கு என்றார் முதலாளி. அது பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. அடியில் இருக்கும் பளபளப்பில் மட்டும் கை படக்கூடாது என்று, எல்லோரிடமும் சொல்வதுபோல அக்காவிடமும் சொன்னேன்.

சில வருடம் கழித்து அவர் கொண்டுவந்த சிடியின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. திருப்பினால், மேலே சந்தனமும் குங்குமமும்.

"வெள்ளிக்கிழமை அவுக படத்துக்கு வைக்கும்போது இதுக்கும் வைப்பேன் தம்பி. ஈரத்துணியால தொடச்சுட்டுத்தான் வைப்பேன்."

சிடியில் பதிவு இருப்பது மேல்பக்கப் பூச்சை ஒட்டித்தான். வெளிச்சத்தில் பிடித்தேன். பொட்டு வைத்த இடமெல்லாம் பூச்சு உரிந்து ஓட்டையாகத் தெரிந்தது. கடையில் இருந்த எல்லா டிரைவிலும் போட்டுப் பார்த்தேன். தாலி கட்டும்வரை ஓடியது. பந்தி வரவில்லை.

"நான் எதுவும் தப்பாப் பண்ணிட்டேனா தம்பி?"

"இல்லக்கா. சிடி சரியில்ல."

இப்போது கண்ணாடியில் எழுதி ஆயிரக்கணக்கான வருடம் வைக்கலாம் என்கிறார்கள். வரட்டும், சந்தோஷம். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் வருடக் கணக்கை மட்டும் சொல்லி விற்காதீர்கள். வாங்குகிறவர் வீட்டில் அதை எங்கே வைப்பார், என்ன செய்வார் என்று கேளுங்கள். இரண்டு காப்பி போட்டு இரண்டு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது ஓட்டிப் பார்த்துப் புதியதில் ஏற்றச் சொல்லுங்கள். பழையதைத் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள்.

அக்கா அந்த சிடியை வாங்கி, முந்தானையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஓடாட்டியும் அவுக குரல் இதுக்குள்ளதான இருக்கு" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் பொட்டு வைத்திருப்பார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.