என் கியூவுக்கு வந்த நேரலை

மாலை 4.12. கியூவில், அதாவது நான் சரிபார்க்க வேண்டிய வரிசையில், அடுத்த நேரலை திறந்தது. திரையில் என் மகள் கோமு. பதினைந்து வயது.

ஒரு சீன நேரலைச் செயலிக்கு வண்ணார்பேட்டை அலுவலகத்தில் தமிழ் நேரலைகளில் விதிமீறலைப் பிடிக்கும் மாடரேட்டராக இருந்தேன். அந்தச் செயலி இங்கே தடையாவதற்கு முந்தைய கதை இது. நேரலை போடும் ஒவ்வொருவருக்கும் நூறு பாயிண்ட். புகைபிடித்தால் குறையும், கத்தி காட்டினால் குறையும். அறுபதுக்குக் கீழே போனால் அவர்கள் வீடியோ யார் கண்ணிலும் படாது. குறைப்பது எங்கள் வேலை.

‘சிறுவர் போலத் தெரிகிறது’ என்று மெஷின் சந்தேகக் குறி போட்டிருந்தது. பதினெட்டுக்குக் கீழே நேரலை கூடாது. ஆனால் கணக்குப் பதிவில் இருந்தது என் பெயர், என் வயது, என் முகம். அதற்கு முந்தைய மாதம் கோமு போனை நீட்டி, “எம்மா, இங்கன பாத்துக் கண்ணைச் சிமிட்டு” என்றாள். ஏதோ விளையாட்டு என்று சிமிட்டினேன்; அது வயதைச் சரிபார்க்கும் சோதனை.

கமெண்டில் ஒருவன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்: வீட்டில் தனியாகவா இருக்கிறாய்? ஜன்னலைக் காட்டு. கோமு சிரித்தபடி போனைத் திருப்பினாள். எங்கள் தெரு தெரிந்தது, எதிர்க் கடையின் போர்டு உட்பட.

எனக்கு மூன்று பட்டன்: எச்சரிக்கை, துண்டிப்பு, மூடல். துண்டித்தால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம்; மூடினால் கணக்கே போய்விடும்.

“எக்கா, கையை எடுங்க” என்றான் டீம் லீடர் யூசுப். “தெரிஞ்சவங்க கணக்கைத் தொடக் கூடாதுல்லா? எனக்கு மாத்துங்க.”

“நீ தொறந்து பாக்கதுக்குள்ள அவன் வீட்டுக்கே வந்துருவான்.”

“ரெண்டே நிமிசம்க்கா. வேலை போயிரும்.”

“போவட்டும்லே.”

மூடலை அழுத்தினேன்.

யூசுப் விளக்கக் கடிதத்துக்குத் தாள் கொடுத்தான். “போன் களவு போச்சுன்னு எழுதுங்க, நம்பிருவாங்க.”

“மொகம் என்னுது. நான்தான் குடுத்தேன்.” அப்படியே எழுதினேன். அந்த வாரமே வேலை போனது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: பதிவில் இருக்கும் வயதை நம்பாதீர்கள், திரையில் இருக்கும் பிள்ளையைப் பாருங்கள். இன்றும் அதே பட்டனைத்தான் அழுத்துவேன்.

அன்று கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது கோமு சைக்கிளில் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“யாரும்மா மூடுனா?”

“நான்தான்.”

என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் ஜன்னலைக் காட்டச் சொன்னப்பவே பயமாத்தாம்மா இருந்துச்சு. ஒரு மணி நேரம் ஆவதுக்கு முந்தி நிறுத்தினா பாயிண்ட் கொறைச்சிருவாங்கல்லா, அதான் சிரிச்சிக்கிட்டே இருந்தேன்.”