கொப்புளமும் கண்மலரும்

1926ஆம் ஆண்டு நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணி. விடாத தூறல். மலாயாவில், சிம்பாங் பூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. கல்யாணமாகி ஐந்து மாதம். அன்று என் மனைவி எழுந்தபோது முகம் வீங்கி, இமைகள் ஒட்டிக் கிடந்தன. இரு கைகளிலும் நீர்க்கொப்புளங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "ஆத்தா வந்திருக்கா, கிராணி. தண்ணி ஊத்தாதீங்க, சேலைய மாத்தாதீங்க" என்று வாசலில் வேப்பிலை செருகினாள்.

அம்மை என்றால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் ஆபீசில் சொல்லியாக வேண்டும். சொன்னால் தோட்டத்துக்கு வெளியே, அம்மைக்காரர்கள் கிடக்கும் தனிக் கொட்டகையில் கொண்டுபோய் விடுவார்கள்.

"என்னைய அனுப்பிடாதீங்க" என்று என் மனைவி அழுதாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே, "கண்ணு தெறந்தா ஆத்தாவுக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

பயம் வந்தால் நான் எண்ணுவேன், அன்றும் எண்ணினேன். வலக்கையில் 43, இடக்கையில் 37, கழுத்தில் 9. வயிற்றிலும் முதுகிலும் காலிலும் ஒன்றுகூட இல்லை. அது எனக்குப் பிடிபடவில்லை. அவரிடம் சொன்னால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்று தெரிந்தும், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரஸ்ஸரை அழைத்து வந்தேன்.

கையைப் பார்த்தவர் நேரே அடுப்படிக்குப் போனார்.

"என்னா கிராணி, இந்த விறகு ஏது?"

"வெள்ளிக்கிழமை அவதான் கொண்டாந்தா. புதுசா காடு வெட்டுற எடத்துலேருந்து."

கட்டையின் வெட்டுவாயில் கறுப்பாகப் பிசின் காய்ந்திருந்தது.

"ரெங்காஸ் மரம்லா! இந்தப் பால் பட்டா தோலு வெந்துரும். அம்மை கை, கழுத்துன்னு கணக்குப் பாத்தா போடும்? பால் பட்ட சேலையிலேயே கண்ணத் தொடைக்கிறா. நீங்க அதே கட்டைய எரிச்சுப் பொகை வேற போடுறீங்க. மொதல்ல குளிக்க வைங்க."

"தண்ணி பட்டா கண்ணு போயிடும்" என்று அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். "பாவத்தக் கட்டிக்காதீங்க, கிராணி" என்று அக்கா வழிமறித்தாள். முதல் செம்புத் தண்ணீரை நானே ஊற்றினேன். அந்தச் சேலையைக் குழி தோண்டிப் புதைத்தேன். டிரஸ்ஸர் தந்த வெள்ளைக் களிம்பைத் தடவினேன். ஆனாலும் ஒவ்வொரு நாள் விடியும்போதும் அக்கா சொன்னதுதான் காதில் கேட்டது.

வியாழக்கிழமை இமை திறந்தது. என் சட்டையின் நிறம் என்ன என்று கேட்டேன். சரியாகச் சொன்னாள்.

"மரத்தால வந்ததுக்குக் கண்மலர் எதுக்கு?" என்றேன்.

"நான் வாக்குக் குடுத்தது ஆத்தாகிட்ட. மரத்துகிட்ட இல்ல."

கண்மலர் வாங்க ஈப்போ டவுனுக்குப் போனோம். களிம்பு இனாம். கண்மலர் ஒரு ஜோடி இரண்டு டாலர், எங்கள் பேச்சில் இரண்டு வெள்ளி, வேறு சேலை மூன்று வெள்ளி, பஸ் நாற்பது காசு. ஆக ஐந்து வெள்ளி நாற்பது காசு.